மூன்றே ஆட்டத்தில் மூட்டை கட்டச் சொன்னால் எப்படி?

செப்டம்பர் 2025-இல் பிலிப்பைன்ஸில் ஆண்கள் வாலிபால் உலக சாம்பியன்ஷிப் முடிந்ததிலிருந்து என் டைம்லைனில் ஒரே ஒப்பாரி. பிரான்ஸ் போச்சு, பிரேசில் போச்சு, ஜப்பான் போச்சு, கண்டவர்களை எல்லாம் கூப்பிட்டு 32 அணி ஆக்கியதால்தான் இந்த அலங்கோலம், பழையபடி 24 போதும் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். சென்னை வியாசர்பாடியில் இருக்கும் என் மாமா பையன் ஒரு படி மேலே போய், பர்மாவில் இருக்கும் எனக்கு "உங்க பக்கத்துல நடத்தினா இப்படித்தான் ஆகும்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அவன் தாத்தா ரங்கூனிலிருந்து கப்பல் ஏறியவர், அதனால் இந்தப் பக்கத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைப்பு. சரி, அவனுக்கும் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், கரண்ட் இருக்கும்போதே வாசித்துவிடுங்கள்.

முதலில் இந்தப் பெரிய அணிகள் கதை. 32 அணி, எட்டுப் பிரிவு, பிரிவுக்கு நாலு, அதில் முதல் இரண்டு மேலே போகும். ஆளுக்கு மூன்றே ஆட்டம். பிரான்ஸ் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக் தங்கம் எடுத்த அணி, அர்ஜென்டினாவிடம் ஐந்து செட் ஆடித் தோற்று வீட்டுக்குப் போனது. பிரேசில் 2002, 2006, 2010 என்று தொடர்ந்து மூன்று முறை உலக சாம்பியன். இரண்டு ஆட்டம் ஜெயித்தும், செர்பியாவிடம் நேர் செட்டில் (3-0) விழுந்ததால் கணக்குப் பார்க்கும்போது வெளியே. ஜப்பான் துருக்கியிடமும் கனடாவிடமும் தோற்றது. இதில் எந்த அணியை இளிச்சவாய் அணி தோற்கடித்தது? அர்ஜென்டினா டோக்கியோவில் வெண்கலம் வாங்கியது, அதுவும் பிரேசிலை அடித்து. செர்பியா ஐரோப்பிய சாம்பியனாக இருந்த நாடு. இவர்கள் 24 அணி இருந்தாலும் வந்திருப்பார்கள். பிறகு எண்ணிக்கையின் மேல் என்ன கோபம்?

இன்னொன்றையும் இந்தப் புலம்பல்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். கோப்பையைத் தூக்கிய இத்தாலியே பிரிவு ஆட்டத்தில் பெல்ஜியத்திடம் ஐந்து செட்டில் தோற்றது. அடுத்து உக்ரைனிடமும் தோற்றிருந்தால் இத்தாலியின் நட்சத்திரங்கள் ஜியனெல்லியும் மிக்கியெலெத்தோவும் பிரான்ஸ்காரர்களோடு ஒரே விமானத்தில் போயிருப்பார்கள். போகவில்லை. உக்ரைனை அடித்தார்கள், காலிறுதியில் அதே பெல்ஜியத்தை நேர் செட்டில் அனுப்பினார்கள், அரையிறுதியில் போலந்தைத் துடைத்துவிட்டார்கள். இக்கட்டு வரும்போது நிமிர்ந்து நிற்பவன்தானே சாம்பியன், பிரேசிலுக்கும் அதே இக்கட்டுதான் வந்தது, அவர்களால் முடியவில்லை. அதற்கு நான் ஏன் அழ வேண்டும்?

பல்கேரியாவைச் சொல்லாமல் போனால் பாவம். அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகை நம் ரங்கூன் மண்டலத்தைவிடக் குறைவு. 1970-இல் சொந்த நாட்டில் இறுதி ஆட்டம் ஆடிக் கிழக்கு ஜெர்மனியிடம் தோற்றவர்கள், மறுபடி இறுதிக்கு வர 55 வருஷம் ஆனது. அணியில் நிகோலோவ் அண்ணன் தம்பி, இவர்களுடைய அப்பா விளாதிமிர் 2006-இல் வெண்கலம் வாங்கிய பல்கேரிய அணியில் அடித்து ஆடியவர். தம்பி சிமியோனுக்கு அப்போது வயது 18, ஆறரை அடியைத் தாண்டிய உயரம், அந்த உயரத்தை வைத்துக்கொண்டு செட்டராக, அதாவது அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவனாக ஆடுகிறான், சர்வீஸ் போட வந்தால் எதிர்ப்பக்கம் மூன்று பேர் முட்டியை மடக்கித் தயாராகிறார்கள். காலிறுதியில் அமெரிக்காவிடம் இரண்டு செட் கொடுத்துவிட்டு, அடுத்த மூன்றையும் எடுத்தார்கள். இறுதி ஆட்டத்தின் நாலாவது செட்டில் இத்தாலி 25-10 என்று நசுக்கியது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய செட்டை பல்கேரியா எடுத்தபோது எங்கள் தெருவில் ஒரு போனைச் சுற்றி நின்றவர்கள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து திட்டினார். பல்கேரியா எங்கே இருக்கிறது என்று கேட்டால் அதில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இனி பிலிப்பைன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன், எனக்குச் சொல்ல வேண்டியதே அதில்தான் இருக்கிறது. போட்டி நடத்தும் நாடு என்பதால்தான் அவர்களுக்கு இடம் கிடைத்தது, தகுதியில் வரவில்லை, அதில் ஒளிவுமறைவு இல்லை. 2019, 2021, 2023 என்று தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் வரிசையாக மூன்று தங்கம் வாங்கிய இந்தோனேசியாவுக்கே இந்த உலகப் போட்டியில் இடம் இல்லை. காரணம் எளிது. ஒவ்வொரு கண்டத்துக்கும் மூன்று இடம், மிச்சம் உலகத் தரவரிசைப்படி. ஆசியாவின் மூன்று இடத்தை ஜப்பான், ஈரான், கத்தார் எடுத்துக்கொண்டன, தரவரிசையில் சீனாவும் தென் கொரியாவும் வந்தன. நம் பக்கத்து நாடுகள் தரவரிசையில் ஏற வேண்டுமானால் பெரிய அணிகளோடு ஆட வேண்டும், பெரிய அணிகளோடு ஆட வேண்டுமானால் தரவரிசையில் ஏற வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கதைதான்.

அப்படி நடத்துகிறவர் என்ற சலுகையில் உள்ளே வந்த அணி என்ன செய்தது? துனிசியாவிடம் முதல் ஆட்டத்தில் நேர் செட்டில் தோற்றது. சரி, முடிந்தது கதை என்றார்கள். அடுத்து எகிப்தை 3-1 என்று அடித்தது, உலக சாம்பியன்ஷிப்பில் அவர்களுக்கு அது முதல் வெற்றி. மூன்றாவது ஈரான். இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்து, ஐந்தாவது செட்டுக்குப் போய், அந்த ஐந்தாவது செட் பதினைந்தில் முடியாமல் இருபதைத் தாண்டி, ஜெயித்துவிட்டோம் என்று மொத்த அரங்கமும் துள்ளிய நேரத்தில் ஈரான் வீடியோ பார்க்கச் சொல்லிக் கேட்டது, பிலிப்பைன்ஸ் ஆள் வலையைத் தொட்டது திரையில் தெரிந்தது, கடைசியில் 20-22. நடுவர் செய்தது சரிதான், தொட்டால் தொட்டதுதான். ஆனால் பிலிப்பைன்ஸ் வீரர்கள் பகுனாஸும் எஸ்பெகோவும் நின்ற நிலையைப் பார்த்தபோது அவர்கள் எந்த நாடு, நாம் எந்த நாடு என்ற நினைப்பே வரவில்லை.

இந்த இரண்டு பேரையும் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் ஜப்பான் லீக்கில் போய் ஆடியவர்கள், பகுனாஸ் பிறகு தைவானிலும் ஆடினார். 2019 தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் பிலிப்பைன்ஸ் தாய்லாந்தை ஐந்து செட்டில் வென்று இறுதிக்குப் போனபோதும் இவர்கள்தான் இருந்தார்கள். வெளியே போய் வாரா வாரம் உயரமான ஆளுக்கு எதிராக அடித்துப் பழகினால், திரும்பி வரும்போது வலையோரம் கை தூக்கித் தடுக்கும் எகிப்தின் பிளாக்கைப் பார்த்துக் கை நடுங்காது. கேரளத்தின் ஜிம்மி ஜார்ஜ் 1980-களில் இத்தாலிக்கு ஆடப் போனதும் அப்படித்தான், 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வாங்கியபோது அவர் அந்த அணியில் இருந்தார். "நமக்கு உயரம் இல்லை, அதனால் இந்த விளையாட்டு நமக்கு வராது" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். உயரம் வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. வலை 2.43 மீட்டரில் நிற்கிறது, அது யாருக்காகவும் இறங்கி வராது. ஆனால் ஜப்பானின் நிஷிதா ஆறடிக்கு ஒன்றரை அங்குலம்தான் அதிகம், அவர் இடது கையால் போடும் சர்வீஸை எடுக்க ஏழடி ஆட்கள் திணறுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. பந்தை உயரத் தூக்கிக் கொடுத்து ஓங்கி அடிக்கிற ஆட்டமே 1916 வாக்கில் பிலிப்பைன்ஸில் பிறந்தது என்றுதான் வாலிபால் வரலாற்றில் எழுதியிருக்கிறது. அமெரிக்க ஒய்எம்சிஏ அங்கே கொண்டுபோன விளையாட்டில் இவர்கள் சேர்த்த காரம் அது. ஸ்மாஷைக் கண்டுபிடித்த நாட்டுக்காரன் உலகப் போட்டியில் ஒரு ஆட்டம் ஜெயிக்க 2025 வரை காத்திருந்தான்.

காத்திருந்தானா, ஜெயித்தானா, ஈரானோடு உயிரைக் கொடுத்து ஆடினானா, அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை. மூன்று ஆட்டம் முடிந்தது, நன்றி, போய் வாருங்கள். அவர்கள் ஊரிலேயே போட்டி இன்னும் பத்து நாளுக்கு மேல் நடந்தது, அவர்கள் பார்வையாளர்கள். லிபியா அத்தனை தூரம் பறந்து வந்து மூன்று தோல்வியோடு திரும்பிப் போனது. முதல் சுற்றில் வெளியேறிய 16 அணிகளுக்கும் 17 முதல் 32 வரை இடம் கொடுக்கிறார்கள், எப்படி என்றால் காகிதத்தில் கூட்டிக் கழித்து. ஒரு ஆட்டம்கூட வைத்துப் பார்க்காமல்!

32 அணி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் கூப்பிட்ட 32 பேருக்கும் சாப்பாடு போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். தோற்ற 16 அணிகளுக்கும் இன்னும் இரண்டு மூன்று ஆட்டம் வையுங்கள். பிரான்ஸும் பிலிப்பைன்ஸும் மோதட்டும், பிரேசிலும் லிபியாவும் மோதட்டும். பிரேசில்காரர்களுக்கு அவமானமாக இருக்கும் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். பிலிப்பைன்ஸின் பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஒலிம்பிக் சாம்பியனின் சர்வீஸை எடுக்க வாழ்க்கையில் வேறு எப்போது வாய்ப்பு வரும்?

இது நடக்காத காரியம் இல்லை. இங்கே பெகு, சிரியம் பக்கம் தமிழ்க் கிராமங்களில் கோயில் திருவிழாவை ஒட்டியும் ஜனவரி 4 சுதந்திர தினத்திலும் வாலிபால் பந்தயம் வைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரியிலும் மூன்று சக்கர வண்டியிலும் ஏறி வந்த அணியை ஒரு ஆட்டத்தில் தோற்றதும் அனுப்பிவிட்டால் அடுத்த வருஷம் அந்த ஊர் வராது. அதனால் தோற்றவர்களுக்கென்று பக்கத்திலேயே இன்னொரு வலை கட்டி ஆட விடுவார்கள், அதற்கும் சின்னதாக ஒரு பரிசு இருக்கும். சில வருஷம் அந்த ஆட்டத்துக்குத்தான் கூட்டம் அதிகம், ஏனென்றால் தோற்ற கோபத்தில் ஆடுவார்கள். மூங்கில் கம்பத்தில் வலை கட்டும் கமிட்டிக்குத் தெரிந்த நியாயம் சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்திருக்கும் உலக வாலிபால் சம்மேளனத்துக்குத் தெரியவில்லையா?

செலவு ஆகும், அரங்க வாடகை ஆகும், டிவிக்காரன் வாங்க மாட்டான் என்பார்கள். முதல் வாரத்தில் பிலிப்பைன்ஸ் ஆடாத ஆட்டங்களை நானும் பார்த்தேன், மால் ஆஃப் ஏஷியா அரங்கில் வரிசை வரிசையாக நாற்காலி காலி. அந்த அரங்கில் பிலிப்பைன்ஸ் இன்னும் மூன்று ஆட்டம் ஆடியிருந்தால் நாற்காலி காலியாக இருந்திருக்குமா? உள்ளூர் அணியை முதல் வாரத்திலேயே அனுப்பிவிட்டு டிக்கெட் விற்கவில்லை என்று வருத்தப்பட்டால் என்ன செய்வது.

நம் பர்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். 2013-இல் தென்கிழக்கு ஆசிய விளையாட்டை நேப்பிடோவில் நடத்தினோம், நம் பிரம்புப் பந்து ஆட்டமான சின்லோனை எல்லாம் பட்டியலில் சேர்த்து 80-க்கும் மேல் தங்கம் எடுத்து இரண்டாம் இடம் வந்தோம், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நமக்குத் தெரிந்த ஆட்டத்தை நம் வீட்டிலேயே வைத்து ஜெயிப்பது ஒன்று, ஈரானையும் எகிப்தையும் வீட்டுக்குக் கூப்பிட்டு உதை வாங்கிக் கற்றுக்கொள்வது வேறு. பிலிப்பைன்ஸ் இரண்டாவதைச் செய்தது, எனக்கு அதில் மரியாதை அதிகம். இங்கே திறமை இல்லாமல் இல்லை. காலால் சின்லோன் தட்டிப் பழகிய பையன்களுக்கு பந்து எங்கே விழும் என்பது உடம்பிலேயே இருக்கிறது, பின்வரிசையில் பந்தை எடுக்கும் லிபரோவை நிறுத்த வேண்டுமானால் தெருவுக்கு ஒருவன் கிடைப்பான். இப்போதைய பிரச்சினை வேறு. எங்கள் பக்கத்து மைதானத்தில் சாயங்காலம் இரண்டு பக்கமும் ஆறு ஆறு பேர் சேர்வதே கஷ்டமாகிவிட்டது. நன்றாக அடிப்பவர்களில் பாதிப் பேர் தாய்லாந்திலும் மலேசியாவிலும் வேலை பார்க்கிறார்கள். ஏன் போனார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை, இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நாலுக்கு நாலு ஆடுகிறோம், ஒரு பக்கம் நாற்பது வயதைத் தாண்டிய நாங்கள், செட்டர் வேலை மட்டும் செய்துகொண்டு.

மாமா பையா, உனக்கு ஒரு வார்த்தை. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023-இல் இந்தியா தென் கொரியாவை ஐந்து செட்டில் அடித்தபோது நீ வீடு அதிரக் கத்தினாய், எனக்கு வீடியோ அனுப்பினாய். அதற்குப் பெயர் அலங்கோலமா? அந்தக் கொரியாவுக்கு உலக சாம்பியன்ஷிப்பில் இடம் இருந்தது, இந்தியாவுக்கு இல்லை. எண்ணிக்கையை 24 ஆக்கினால் வரிசையில் இன்னும் பின்னால் தள்ளப்படுவது உன் அணியும் என் அணியும்தான், பிரேசில் இல்லை.

அடுத்த ஆண்கள் உலக சாம்பியன்ஷிப் 2027-இல் போலந்தில். அங்கே இரவு எட்டரைக்கு ஆட்டம் என்றால் கோடைக்கால நேரக் கணக்கில் இங்கே ராத்திரி ஒரு மணி. எங்கள் பகுதியில் அந்த நேரத்தில் கரண்ட் இருக்குமா என்று கேட்காதீர்கள், பவர் பேங்க் இருக்கிறது. அதற்குள் அந்தத் தோற்ற 16 அணிகளின் ஆட்டத்தை அட்டவணையில் சேர்க்கச் சொல்லி யாராவது சம்மேளனத்துக்கு மனு எழுதினால் சொல்லுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. 24-க்குத் திரும்ப வேண்டும் என்பவர்கள் கமெண்டில் வந்து, எந்த எட்டு அணிகளை நீக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். செக் அணியின் பெயரை எழுதுமுன் அவர்கள் அரையிறுதி வரை போனார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.