திறந்த சலைன் பாட்டில் ஒருவருக்கு மட்டும்தான்

நேற்று நம் பல் மருத்துவர் குழுவில், வாணியம்பாடி பல் கிளினிக்கில் நோயாளிகளுக்குக் கிருமி தொற்றியதைப் பற்றிய பேச்சு மறுபடி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். "எல்லா கிளினிக்லயும் நடக்கறதுதான், பாவம் அவர் மாட்டிக்கிட்டார்" என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பதினைந்து பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

மாட்டிக்கொண்டது மருத்துவரா? 2022-23இல் வட தமிழகத்தில் மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா நோய் கண்டறியப்பட்ட 21 பேரில் 10 பேர் அந்த ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள். அந்த 10 பேரில் 8 பேர் உயிரோடு இல்லை. பல் வலிக்குப் போனவர்கள் அவர்கள்.

கிருமி கிடைத்தது அங்கே பயன்பாட்டில் இருந்த சலைன் பாட்டிலில். ஸ்டெரைல் செய்யாத, அதாவது கிருமி நீக்காத, பெரியாஸ்டியல் எலிவேட்டரால் (ஈறை எலும்பிலிருந்து விலக்கும் கருவி) பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்தவருக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். திறந்த பாட்டில் ஒருவருக்கு மட்டும்தான். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"வெறும் உப்புத் தண்ணிதானே, அதுல என்ன வளரும்?" என்கிறார்கள். கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் சலைனில் கிடையாது. மூடியில் ஊசியைக் குத்தி அப்படியே விட்டுவிட்டால், நாள் முழுக்க அது திறந்த வாசல்தான். மெலியாய்டோசிஸை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமல்லை மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி. சத்து எதுவுமில்லாத காய்ச்சி வடித்த நீரிலேயே ஆய்வகத்தில் 16 ஆண்டு பிழைத்துக் கிடந்திருக்கிறது. பல் பிடுங்கிய குழியில் அதை நாமே சிரிஞ்சால் பீய்ச்சினால், அங்கிருந்து நரம்பு வழியாகவே மூளைக்கு ஏறக்கூடியது.

இதற்கு வரும் பதில், "ஆன்டிபயாடிக் கவர் கொடுத்துடறோமே", அதாவது தொற்று வராமலிருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக். எனக்கு அதிகம் வலிப்பது இந்தப் பதில்தான். நாம் கைப்பழக்கமாக எழுதும் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் இந்தக் கிருமியைத் தொடக்கூட முடியாது. ஜென்டாமைசினும் பொதுவாக எடுபடாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் மருந்தை ரத்தக்குழாய் வழியாக, மூளையைத் தாக்கியிருந்தால் குறைந்தது எட்டு வாரம் ஏற்ற வேண்டும். அதன்பின் மாதக்கணக்கில் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. கலிஃபோர்னியாவின் அனஹைமில் 2016இல் பால்பல்லுக்கு பல்பாட்டமி (பல்லின் உள்ளே கெட்ட சதையை அகற்றும் சிகிச்சை) செய்த சுமார் 70 குழந்தைகளுக்கு மைகோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி தொற்றியது, கிளினிக் தண்ணீரிலிருந்து. அதுவும் வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கிருமி. சுத்தத்தில் விட்டதை மாத்திரையால் பிடிக்க முடியாது. ரூட் கெனால் செய்தாலே தீரும் வலிக்கும் ஐந்து நாள் மாத்திரை எழுதி, எதற்கும் அடங்காத கிருமிகளை நாமே ஊரில் வளர்க்கிறோம்.

"செலவு கட்டுபடியாகாது" என்பவர்களுக்கு: 100 மில்லி பாட்டில் வாங்குங்கள். அதன் விலை பல் பிடுங்கும் கட்டணத்தில் மிகச் சிறு பங்கு. பாட்டிலின் கழுத்தை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, ஸ்டெரைல் பிளேடால் வெட்டி, ஸ்டெரைல் கிண்ணத்தில் ஊற்றுங்கள். புது ஸ்டெரைல் சிரிஞ்சில் அதிலிருந்து எடுங்கள். மிச்சத்தைக் கழுவுத் தொட்டியில் கொட்டுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பல் நாற்காலியின் குழாய்த் தண்ணீர் வேண்டாம். அந்த மெல்லிய குழாய்களின் உட்சுவரில் பாசிபோல் பயோஃபிலிம் என்ற கிருமிப் படலம் படியும். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20-30 விநாடி ஓடவிட்டாலும், குழாயில் தங்கிய நீர்தான் வெளியேறும். பயோஃபிலிம் போகாது, அதற்கென்றுள்ள மருந்தால்தான் கழுவ வேண்டும்.

"எங்ககிட்ட ஆட்டோகிளேவ் இருக்கு" என்பார்கள், நீராவியால் கருவிகளின் கிருமியை நீக்கும் இயந்திரம். சந்தோஷம். கருவிப் பைகளை நெருக்கித் திணித்தால் நீராவி உள்ளே போகாது. பையின் வெளிப்பக்கக் கோடு நிறம் மாறினால் சூடு பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். 121 டிகிரியில் பாக்டீரியாவின் வித்துகள் செத்தனவா என்று வாரம் ஒருமுறை ஸ்போர் டெஸ்ட் (வித்துகளை உள்ளே வைத்துப் பார்க்கும் சோதனை) வைத்தால்தான் தெரியும். பல்லைத் துளைக்கும் ஹேண்ட்பீஸை ஸ்பிரிட்டால் துடைத்து அடுத்தவர் வாயில் வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அரசு கெடுபிடி என்ற புலம்பலுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பாட்டிலைத் திறப்பதும் மூடுவதும் பல கிளினிக்கில் உதவியாளர் பெண்கள்தான். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு வந்தவர்கள். பாதி பாட்டிலைக் கொட்டினால் "வீணடிக்கிறாயே" என்று திட்டு வாங்குபவர்களும் அவர்களே. நாளை ஏதாவது நடந்தால் பழியும் அவர்கள் தலையில்தான் விழும். நாளைக் காலை கவுன்ட்டரில் பாதியோடு நிற்கும் பாட்டிலை அவர்கள் கண்முன் நீங்களே கொட்டுங்கள். ஏன் கொட்டுகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.