காத்திருக்கும் மாதங்களில் உங்கள் வீட்டுக் கிணற்றை அளந்துபாருங்கள்

சென்ற வாரம் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி தாயாருடன் வீட்டுக்கு வந்திருந்தாள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, நல்ல பெறுபேறு. விஞ்ஞானபீடம் கிடைக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்து, பதிவு முடிந்து, விரிவுரைகள் தொடங்க இன்னும் பல மாதங்கள் கிடக்கின்றன. தாயார் கேட்டது ஒன்றுதான்: "முதலாம் வருடப் பாடத்தை இப்பவே படிப்பிக்கிற வகுப்பு எங்கே நடக்கிறது, ரீச்சர்?"

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதை அன்று ஒழுங்காகச் சொல்லவில்லை. அவளைப்போல் காத்திருக்கும் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

மேலைநாடுகளில் பள்ளி முடித்தவர்கள் தாமாக விரும்பி ஒரு வருடம் இடைவெளி எடுப்பதுண்டு. இலங்கையில் நம்முடைய பிள்ளைகள்மீது அது திணிக்கப்படுகிறது. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. அதற்குப் பிறகும் காத்திருப்பு. பத்தொன்பது, இருபது வயதில் ஒருவரின் காலத்தை இப்படிப் பறிப்பது அநியாயம், அதில் எனக்குச் சமாதானமே கிடையாது. ஆனால் பறிபோன அந்த மாதங்களை மீண்டும் ரியூசன் வாங்கிலேயே கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்க்கும்போது மனம் இன்னும் நோகிறது.

இரண்டரை வருடங்கள் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பழகிய பிள்ளைகள் இவர்கள். விடை எங்கோ ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், அதை நாம் எட்டிப்பிடித்தால் போதும் என்று அவர்களுடைய மூளை பழகிவிட்டது. விஞ்ஞானம் படிக்கப் போகிறவருக்கு இந்தப் பழக்கம்தான் பெரிய தடை. முதலாம் வருடக் குறிப்புகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்வதால் அது இன்னும் இறுகும். எவரும் விடை எழுதி வைத்திராத ஒரு கேள்வியுடன் சில மாதங்கள் வாழ்ந்து பார்ப்பதே அதற்கு மருந்து.

எனக்கு அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து வந்தது. ஆகஸ்டில் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். செப்டெம்பரில் ஒருநாள் அம்மம்மா வாளியை இழுத்தபடி, "போன வருசத்தைவிடத் தண்ணி கீழே போயிட்டுது" என்றார். எவ்வளவு கீழே என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை, வீட்டில் வேறு யாரிடமும் இல்லை. தையற்பெட்டியிலிருந்த அளவுநாடாவையும் ஒரு கயிற்றையும் எடுத்தேன். கயிற்றின் நுனியில் கனமான இரும்பு வளையம் ஒன்றைக் கட்டி இறக்கினேன். கிணற்றுக்கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் 5.8 மீற்றர். பழைய கொப்பி ஒன்றில் திகதியோடு எழுதிவைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அளப்பது என்று முடிவெடுத்தேன்.

நான்காம் வாரமே கணக்குக் குழம்பியது. ஒரேயடியாக 20 சென்ரிமீற்றர் கூடுதலாக இறங்கியிருந்தது. இரண்டு நாட்கள் யோசித்த பிறகுதான் விளங்கியது: பக்கத்துத் தோட்டத்து மாமா அன்று வெங்காயத்துக்கு விடியவே மோட்டர் போட்டிருக்கிறார். அன்றுமுதல் காலை ஐந்தரைக்கு, எவரும் இறைக்கத் தொடங்குமுன் அளந்தேன். பரிசோதனையில் மற்றக் காரணிகளை மாறாமல் வைத்திருப்பதைக் குறிக்கும் ‘கட்டுப்பாடு’ என்ற சொல்லை நான் உயர்தரத்தில் நூறு தடவை எழுதியிருப்பேன். அதன் பொருள் அந்த விடியற்காலையில்தான் எனக்குப் புரிந்தது.

ஒக்ரோபரில் முதல் மழை பெய்தபோது நீர்மட்டம் அசையவில்லை. காய்ந்த செம்மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிறது. நவம்பரில் அடைமழை பிடித்ததும் மளமளவென்று ஏறியது. டிசெம்பர் முடிவில் 3.1 மீற்றர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் விழும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்பதைத்தான் வருடம் முழுவதும் குடிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பௌதிகவியல் கொப்பியைத் திறந்தேன். யூ-குழாயில் இரண்டு திரவங்கள் நிற்கும் கணக்கு நினைவிருக்கிறதா? அதே கணக்குத்தான். நன்னீரின் அடர்த்தியை 1.000 என்றும் கடல்நீரின் அடர்த்தியை 1.025 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை அது உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும். அப்படியானால் அளவுக்கு மிஞ்சி இறைத்து மேலே 1 மீற்றர் குறைந்தால்? எழுதிப் பார்த்துவிட்டுக் கிணற்றடியில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். நம்முடைய சுண்ணக்கல்லில் பிளவுகளும் குகைகளும் நிறைய இருப்பதால் கணக்கு இவ்வளவு நேராக நடக்காது என்று பின்னர் பல்கலைக்கழகத்தில் அறிந்தேன். அதைச் சொன்ன விரிவுரையாளரிடம் என் கொப்பியைக் காட்டி அரைமணிநேரம் பேசினேன். முதலாம் வருடத்தில் நான் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

வாய் திறக்க எனக்குப் பல மாதங்கள் பிடித்தன என்பதையும் சொல்லவேண்டும். விஞ்ஞானபீடத்தில் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. தமிழில் தெளிவாகத் தெரிந்த விடயமே ஆங்கிலத்தில் கேட்கும்போது கை நழுவிப் போகும். பாடச்சொற்களைச் சமாளித்துவிடலாம். "ஆகையால்", "இருந்தபோதிலும்" போன்ற சிறிய இணைப்புச் சொற்கள்தான் என்னைத் தடுக்கி விழுத்தின. கொப்பியில் தமிழில் எழுதிய குறிப்பின் கீழே அதையே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிப் பழகியிருந்தால் அந்த முதல் தவணையில் இரவிரவாக அழுதிருக்கமாட்டேன். சான்றிதழுக்காகச் சேரும் மூன்று மாத வகுப்பைவிட இந்த நான்கு வரி மேல் என்று உறுதியாக நம்புகிறேன்.

வீட்டு நிலைமையால் உழைக்கவேண்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடையில் நிற்பவருக்கும், சாதாரணதரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பவருக்கும் வாரத்தில் பத்து நிமிடம் கிடைக்கும்; இதற்கு அது போதும். இரண்டாம் தடவை பரீட்சை எழுத இருப்பவர்களின் கவலை வேறு, அதை இதோடு சேர்த்துப் பேசவில்லை.

கிணறுதான் வேண்டும் என்பதில்லை. மண்டைதீவுக் கரையோர நீர்ப்பரப்பில் வந்திறங்கும் பறவைகளை எண்ணலாம், முற்றத்து வேம்பு எந்த வாரத்தில் பூக்கிறது என்று குறிக்கலாம். ஆனால் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் இருப்பவர்களைக் கிணற்றைப் பார்க்கச் சொல்வேன். அங்கே பல கிணறுகளில், உரத்திலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் நீரில் சேரும் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உரமிட்ட தோட்டமும் மலக்குழியும் அந்தக் கிணறுகளுக்கு மிக அருகில் இருக்கின்றன. அந்த நீரைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தைகள்.

அந்த மாணவிக்கு நேற்றுத் தொலைபேசியில் சொன்னது இதுதான்: கயிறு இழுபடாததாக இருக்கட்டும். கிணற்றுக்கட்டில் ஒரு இடத்தைப் பெயின்றால் அடையாளமிட்டு எப்போதும் அங்கிருந்தே அள. விடியற்காலையில், மோட்டர் போடுமுன். மூன்று தடவை இறக்கி மூன்றையும் எழுது, பிழை என்று தோன்றுவதை அழிக்காதே. ஒக்ரோபர் மழைக்கு முன்னர் தொடங்கிவிடு.