எக்ஸ் கதிர் அளவீடு எவ்வளவு ஆழத்தைக் காட்டுகிறது?

ஷாட் பீனிங் செய்த (சிறு உருண்டைகளை வேகமாக மோதவிட்டு வலுப்படுத்திய) எஃகின் மேற்பரப்பில் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறையில் (படிக அணு அடுக்குகளில் பட்டுத் திரும்பும் கதிரின் கோணத்தைக் கொண்டு) ஒருமுறை அளந்தாலே, பதப்படுத்தப்பட்ட அடுக்கு முழுவதன் எச்சத் தகைவும் (வெளிவிசை இல்லாதபோதும் உள்ளே தங்கியிருக்கும் தகைவு) தெரிந்துவிடும் என்று ஒரு கருத்து சொல்லப்படுகிறது. பணிவுடன் சொல்கிறேன், அது சரியன்று. எஃகுக்கு வழக்கமாகப் பயன்படும் குரோமியம் கே-ஆல்ஃபா கதிர் (குரோமியத்திலிருந்து பெறப்படும் ஒருவகை எக்ஸ் கதிர்) இரும்பில் மிக விரைவாக உறிஞ்சப்படுவதால், கிடைக்கும் மதிப்பு மேலிருந்து ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் அளவிலான மெல்லிய படலத்துக்கு மட்டுமே பொருந்தும். பீனிங்கில் அமுக்கத் தகைவின் உச்சமோ பெரும்பாலும் அதற்கும் கீழே இருக்கிறது; திரும்பத் திரும்ப வரும் சுமையால் ஏற்படும் களைப்பு முறிவைத் தடுப்பதில் அந்த ஆழப்பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

இதை எவரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இக்கதிருக்கு இரும்பின் நிறை உறிஞ்சல் கெழு (கதிரை எவ்வளவு உறிஞ்சும் என்பதன் அளவு) கிராமுக்குச் சுமார் 115 சதுர சென்டிமீட்டர். அதை இரும்பின் அடர்த்தியான 7.87 ஆல் (கன சென்டிமீட்டருக்குக் கிராம்) பெருக்கித் தலைகீழாக்கினால் சுமார் 11 மைக்ரோமீட்டர் வரும். கதிர் உள்ளே போய்த் திரும்பவும் வெளியே வர வேண்டியிருப்பதால் அதில் பாதியே பயனுள்ள ஆழம்.

ஆய்வக வசதி உள்ளவர்கள், அதே இடத்தை மின்வேதி மெருகேற்றலால் (கரைசலில் மின்னோட்டம் செலுத்தி உலோகத்தைக் கரைக்கும் முறை) 50 மைக்ரோமீட்டர் அரித்துவிட்டு மீண்டும் அளந்தால், மதிப்பு மாறியிருப்பதை நேரிலேயே காணலாம். இதற்குச் சாணைக்கல்லைப் பயன்படுத்த வேண்டாம். தேய்ப்பதே புதிய தகைவை உண்டாக்கிவிடும்.