சிலையைப் பார்த்தது போதும், கீழே உள்ள பெயர்களைப் படியுங்கள்

சியாட்டிலில் ஷில்ஷோல் படகுத்துறைக்குப் போகிற நம்மவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவுக்கு வந்த வைக்கிங் (வட ஐரோப்பியக் கடலோடி) லெய்ஃப் எரிக்சனின் சிலை முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய ஆதங்கம். அங்கே பார்க்க வேண்டியது சிலையைச் சுற்றித்தான் இருக்கிறது.

1962இல், உலகக் கண்காட்சி நடந்த ஆண்டில், இங்குள்ள நார்வே வம்சாவளியினர் நிறுவிய சிலை அது. வடித்தவர் ஆகஸ்ட் வெர்னர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியர். 2007இல் புதுப் பீடம் அமைத்தபோது சுற்றிலும் கப்பல் வடிவில் கற்களை நட்டார்கள். அவற்றில் பதித்த தகடுகளில் வரிசையாகப் பெயர்கள். ஆளின் பெயர், விட்டுவந்த ஊர், வந்து சேர்ந்த ஆண்டு, அவ்வளவுதான். பக்கத்து பல்லார்டில் மரம் அறுத்தும் அலாஸ்கா கடலில் ஹாலிபட் மீன் பிடித்தும் பிழைத்த தலைமுறை அது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இடம்பெறாதவர்கள்.

அக்டோபர் வந்தால் போதும், அமெரிக்காவை முதலில் கண்டுபிடித்தது கொலம்பஸா லெய்ஃபா என்று சண்டை தொடங்கிவிடும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் வைக்கிங்குகள் வெட்டிய மரத்துண்டுகள் 1021ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்று உறுதியாகிவிட்டது. சரி, கொலம்பஸுக்கு முன்பே வந்தார்கள். ஆனால் தங்கவில்லை. அவர்கள் வந்தபோதே இங்கே மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சிலை நிற்கிற ஷில்ஷோல் என்ற பெயரே இந்த மண்ணின் பூர்வகுடிகளுடையது. அதனால் 'கண்டுபிடித்தவர்' என்ற பட்டத்தை என்னால் யாருக்கும் தர முடியவில்லை.

நார்வேக்காரர்களின் மனசும் வேறு இடத்தில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் லெய்ஃப் எரிக்சன் தினம் அக்டோபர் 9. அது அவர் பிறந்த நாளும் இல்லை, கரை சேர்ந்த நாளும் இல்லை. நார்வேயின் ஸ்டாவங்கர் துறைமுகத்திலிருந்து, கூட்டமாகக் குடியேற வந்த முதல் நார்வேக்காரர்கள் 52 பேரோடு கிளம்பிய 'ரெஸ்டவுராசியோன்' என்ற சிறு கப்பல் 1825இல் நியூயார்க் வந்து சேர்ந்த நாள். வழியில் ஒரு பெண் குழந்தை பிறந்ததால் இறங்கியவர்கள் 53. அந்தச் சின்னக் கப்பலில் சட்டம் அனுமதித்ததைவிட அதிகம் பேரை ஏற்றிவந்ததற்காக அபராதம் போட்டார்கள். ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் தலையிட்டு மன்னித்தார்.

தங்கள் சொந்தக் கதையைக் கொண்டாட அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஒரு மாவீரனின் பெயர் தேவைப்பட்டிருக்கிறது. இன்று தேவையில்லை. எந்தச் சமூகமாவது தன் பாரம்பரியத்துக்குச் சிலை வைக்கப் பணம் திரட்டினால், முதல் செலவு பெயர்ப் பலகைகளுக்கு ஆகட்டும். மிஞ்சினால் வீரனுக்குச் சிலை வைத்துக்கொள்ளலாம்.