புது சர்ச் கட்ட கோவில் உண்டியல் பணமா?

"புது சர்ச் கட்ட அரசு லட்சக்கணக்கில் தருது, எல்லாம் கோவில் உண்டியல் காசு" என்று கிருஷ்ணகிரி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டு பாதியும் தப்பு.

அரசு மானியத் திட்டம் ஒன்று உண்டு, 2016-17 முதல். ஆனால் அது பழைய தேவாலயங்களைப் பழுதுபார்க்க மட்டும். சொந்தக் கட்டடத்தில் குறைந்தது 10 ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக் கூடாது. அஸ்திவாரமே போடாத சபை 10 வருஷத்தை எங்கிருந்து காட்டும்?

அதுவும் சிறுபான்மையினர் நலனுக்கான பட்ஜெட் பணம். கோவில் வருமானம் 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்துக்குள் அடங்கியது. அதை சர்ச்சுக்குத் திருப்ப அந்தச் சட்டத்தில் வழியே இல்லை.

சரி, புதுக் கட்டடத்துக்குக் காசு? சபையார்தான். காணிக்கை, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு), அறுப்பின் பண்டிகையில் சபையார் கொண்டுவரும் விளைபொருட்களின் ஏலம் என்று வருஷக்கணக்கில் சேர்ப்பார்கள். அந்த ஏலத்தில் ஒரு பூசணிக்காய் என்ன விலைக்குப் போகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்! அப்படியும் தளம் போடும்போது பணம் தீர்ந்து, கம்பி நீட்டிக்கொண்டு வேலை நிற்பது உண்டு. வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ வேண்டும். கட்டுவதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அனுமதியும் வேண்டும்.

பழுதுபார்ப்பு மானியம் தேவைப்படும் பழைய சர்ச்சுகள் ஆட்சியர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலரிடம் விசாரிக்கலாம்.