டிக்கெட் எடுக்கும் முன் ஊரில் ஒரு வைத்தியரைப் பிடியுங்கள்

முடி நடும் சத்திரசிகிச்சைக்காக வெளிநாடு போகும் தம்பிமாருக்கும், அவர்களை வழியனுப்பிவைக்கும் வீட்டாருக்கும் ஒரு விடயத்தை உரத்துச் சொல்ல வேண்டும் என்று கொஞ்சக் காலமாகவே மனதில் இருக்கிறது. எத்தனை ஆயிரம் முடி நடுவார்கள் என்று விசாரிக்கிறீர்கள். ஹோட்டல் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கிறீர்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கிய பிறகு அந்தத் தலைக்கு யார் பொறுப்பு என்று மட்டும் கேட்பதில்லை. கொழும்பில் உங்களைப் பார்க்கச் சம்மதித்த ஒரு தோல் வைத்தியர் கிடைக்கும்வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள். நான் சொல்ல வந்தது இதுதான். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அதற்கு முன் ஒன்று. வழுக்கைக்கு வைத்தியம் தேடுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. "ஆண்பிள்ளைக்கு முடி எதற்கு" என்று கேட்கும் அதே மாமாமார்தான், கனடாவிலிருந்து பெண் வீட்டார் படம் கேட்டால் "பழைய படம் ஏதும் இருந்தால் அதை அனுப்பு" என்கிறார்கள். இருபதுகளின் நடுவிலேயே நெற்றி ஏறத் தொடங்கிய என் தம்பி பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். கலியாண வீட்டில் எல்லோரும் சேர்ந்து படம் எடுக்கும் நேரம் அவன் மெல்லப் பின்வரிசைக்குப் போய்விடுவான். கொழும்பின் கடற்கரை வீதியான மரீன் டிரைவில் காற்று அடிக்கிறது என்பதற்காகவே மாலையில் அந்தப் பக்கம் நடக்க வரமாட்டான். அவனுடைய ஆசை நியாயமானது. அந்த ஆசையை வைத்து நடக்கும் வியாபாரத்தின் மீதுதான் எனக்குக் கோபம்.

முடி நட அவன் போனது துருக்கியின் இஸ்தான்புல்லுக்கு. இஸ்தான்புல் ஏன் என்று கேட்டால் விலைதான் முதல் காரணம். துருக்கி நாணயமான லீராவின் மதிப்பு விழ விழ, டாலரோடு போகிறவர்களுக்கு அந்த ஊர் மலிவாகிக்கொண்டே வந்தது. ஏறத்தாழ 2,000 முதல் 4,000 டாலருக்குள் சிகிச்சை, ஹோட்டல், விமான நிலையத்துக்குக் கார், மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டித் தருகிறார்கள். மேற்கு நாட்டவருக்கு அது சிறு தொகை. 2022 நெருக்கடிக்குப் பிறகு டாலர் 300 ரூபாய் அளவில் நிற்கும் நம் நாட்டில், விமானச் செலவைச் சேர்க்காமலே ஆறு முதல் பன்னிரண்டு இலட்சம் ரூபாய். கொழும்பில் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு பையன் வருடக்கணக்கில் சேர்த்த பணம் அது. அந்தப் பொதியில் எழுதியிருப்பது மூன்று நான்கு நாட்கள். சிகிச்சையின் பலன் முழுதாகத் தெரிய பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்கள் எடுக்கும். மிச்சக் காலம் முழுவதும் நம் வீட்டுக் குளியலறையிலும் கூடத்திலும்தான் கழிகிறது.

இப்போது பெரும்பாலும் செய்யப்படுவது எஃப்.யூ.ஈ. என்ற முறை. பின்தலையிலிருந்து, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான அகலமுள்ள வட்டக் கருவியால், முடியை வேரோடு ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்து முன்தலையில் நடுகிறார்கள். ஒரு வேர்க்கூட்டில் ஒன்று முதல் நான்கு முடிகள் வரை இருக்கும். பின்தலை முடி எங்கே நட்டாலும் தன் உதிராத குணத்தை விடாது என்பதை அமெரிக்கத் தோல் வைத்தியர் நோர்மன் ஓரென்ட்ரைச் 1959இல் எழுதினார். இந்தத் துறை முழுவதும் நிற்பது அந்தக் கண்டுபிடிப்பின் மீதுதான். அதற்கு இருபது வருடம் முன்பே, 1939இல், ஜப்பானிய வைத்தியர் ஒகுடா தீக்காயம் பட்டவர்களின் தலையில் முடி நட்டுக் காட்டியிருந்தார். போர்க்காலமாகப் போனதால் உலகம் அதைக் கவனிக்கவில்லை. ஆக, அறிவியல் உறுதியானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தம்பி திரும்பி வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். வீக்கம் உச்சத்துக்கு வருவது பொதுவாக மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை. பொதி முடிந்து விமானம் ஏறும் நாட்களும் அவைதான். வளைகுடாவில் விமானம் மாறி, நிமிர்ந்து உட்கார்ந்தபடி வந்து சேர்ந்தவனின் நெற்றி வீக்கம் இமைக்கு இறங்கியிருந்தது. கதவைத் திறந்த அம்மா அவனை யாரோ அடித்துவிட்டார்கள் என்று நினைத்து அலறினார். இப்படி வரும் என்று யாரும் அவனிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

முதல் பத்து நாட்கள் நட்ட வேர் சரியாகப் பிடித்திருக்காது. தலையணையில் தலை உரசக் கூடாது என்பதால் சாய்மனைக் கதிரையில் இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்து, கழுத்தை மட்டும் தாங்கவிட்டுத் தூங்கினான். உள்பனியன் போட முடியாது, பொத்தான் வைத்த சட்டைதான். வெள்ளவத்தையில் நம் ஆட்கள் யாரும் எண்ணிப் பார்க்காத ஆபத்து ஒன்று இருக்கிறது: முச்சக்கரவண்டியில் ஏறும்போது கூரைக் கம்பியில் தலை இடிப்பது. இடித்த இடத்தில் வேர் கழன்று இரத்தம் வந்தால் அந்த முடி போனதுதான். வெயிலும் வியர்வையும் ஆகாது என்பார்கள். கொழும்பில் வெயிலும் வியர்வையும் இல்லாத மாதம் ஏது? வீட்டுக்குள்ளேயே மின்விசிறிக்குக் கீழே இருந்தான்.

தலை கழுவும் பொறுப்பு என்னுடையது. பின்தலையிலும் முன்தலையிலும் ஒவ்வொரு துளையின் மேலும் கடுகளவு அயறு கட்டியிருக்கும். நுரையை விரல் நுனியால் ஒற்றி வைத்து, ஊறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறு கோப்பையால் மெல்ல ஊற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, குழாய்த் தண்ணீர் நேரே தலையில் அடிக்கக் கூடாது, நகம் பட்டுவிடக் கூடாது. "அக்கா, பயப்படாமல் ஊற்றுங்கள், எனக்கு அங்கே உணர்ச்சியே இல்லை" என்பான். உண்மைதான், தோல் பல கிழமைகளுக்கு மரத்துப்போய்த்தான் இருக்கும். அதனால்தான் பார்ப்பவர் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்குள் அம்மா நல்லெண்ணெய்ப் போத்தலோடு இரண்டு தரம் வந்துவிட்டார். சூடு தணியட்டும் என்ற அன்புதான், ஆனால் திறந்த புண்ணில் வைத்தியர் சொல்லாத எந்த எண்ணெயும் படக் கூடாது என்று அவரை இருத்தி விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. மாடிவீட்டுக்காரர் சிகிச்சைக்காக மழித்திருந்த மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதும் துக்கமா, நேர்த்திக்கடனா என்று கேட்டுப் போனார். தம்பி அன்று முழுவதும் பேசவில்லை.

பிறகு வந்ததுதான் எல்லோரையும் உடைத்துப் போடும் கட்டம். இரண்டாவது கிழமைக்கும் ஆறாவது கிழமைக்கும் இடையில், நட்ட முடி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளே உயிரோடு ஓய்வெடுக்கிறது, முளைக்கத் தொடங்க மூன்று நான்கு மாதங்கள் ஆகும். இது தெரியாதவன் தலையணையில் முடியைக் கண்டால் என்ன ஆவான் என்று யோசியுங்கள். யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்து வளர்ந்த அம்மாவுக்குத்தான் இது சட்டென்று விளங்கியது. பிடுங்கி நட்ட மிளகாய்க் கன்று முதலில் இலை கொட்டி நின்று பிறகுதானே துளிர்க்கும் என்று அவரே தம்பிக்குச் சொன்னார். நான் படித்துக் காட்டிய பக்கங்களைவிட அந்தப் பேச்சுத்தான் அவனைத் தேற்றியது.

இதற்கிடையில் பின்தலையில் சீழ் வைத்த சிறு கொப்புளங்கள் கிளம்பின. சிகிச்சை செய்த இடத்துக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினோம். "இது வழமையானது" என்று ஒரு வரி வந்தது. மறுபடி அனுப்பினால் மறுபடியும் அதே வரி. அனுப்பியவர் வைத்தியரா, விற்பனைப் பகுதியில் இருப்பவரா என்றுகூடத் தெரியவில்லை. தந்துவிட்ட மாத்திரைப் பெட்டியில் எல்லாம் துருக்கி மொழி. மருந்தகத்தில் இருந்த பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன மருந்து என்று தெரியாமல் இதோடு வேறு ஒன்றும் தர முடியாது என்றார். அவர் செய்தது சரி. சனலிங் எடுத்து, அதாவது தனியாரில் நேரம் பதிந்து, ஒரு வைத்தியரிடம் போனால், யார் செய்தது, என்ன ஊசி போட்டார்கள், எத்தனை வேர் எடுத்தார்கள், அறிக்கை எங்கே என்று கேட்டார். எங்களிடம் ஹோட்டல் பற்றுச்சீட்டுத்தான் இருந்தது. எங்கே செய்தீர்களோ அங்கேயே கேளுங்கள் என்றார். வேறு ஒருவர் மனமிரங்கிப் பார்த்து மருந்து தந்ததால் கொப்புளம் அடங்கியது. மனமிரங்குபவர் கிடைப்பார் என்று நம்பி ஒருவர் சத்திரசிகிச்சைக்குப் போகலாமா?

ஆகவே கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள். சிகிச்சை செய்த வைத்தியரின் பெயரும் பதிவு எண்ணும், எடுத்த வேர்களின் எண்ணிக்கை, போட்ட மரத்துப்போகும் ஊசியின் பெயரும் அளவும், தந்த மருந்துகளின் மூலப்பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரு தாளில், கையொப்பத்தோடு வேண்டும். காசு கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். தர மறுக்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

கத்தி யார் கையில் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். விளம்பரத்தில் சிரிப்பவர் வைத்தியர். அறைக்குள் ஆறு முதல் எட்டு மணிநேரம் வேலை செய்பவர்கள் பல இடங்களில் உதவியாளர்கள் மட்டுமே. சர்வதேச முடி மறுசீரமைப்புச் சத்திரசிகிச்சைச் சங்கம் இந்தக் கள்ளச்சந்தைக்கு எதிராகவே தனிப் பிரசாரம் நடத்தி வருகிறது. முடிதானே, என்ன ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். தலை மரத்துப்போகத் திரும்பத் திரும்பப் போடும் லிடோகெயின் ஊசிக்கு உடல் எடையைப் பொறுத்து ஓர் எல்லை உண்டு. அது மீறினால் வலிப்பு வரலாம், இதயம் தடுமாறலாம். அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்று தெரிந்தவர் அறைக்குள் இருக்க வேண்டும். 2016இல் ஒரு மருத்துவ மாணவரே சென்னையில் செய்த முடி நடும் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில், யூடியூப் பார்த்தும் பயிற்சிப் பட்டறைகளைப் பார்த்தும் இந்தச் சிகிச்சையைத் தொடங்கிவிட முடியாது என்று எழுத வேண்டிய நிலை வந்தது. நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கு இதற்கு மேல் என்ன சொல்வது?

"எத்தனை வேர் வேண்டுமானாலும் ஒரே விலை" என்ற விளம்பரத்தைக் கண்டால் விலகி ஓடுங்கள். பின்தலையில் எடுத்த வேர் அந்த இடத்தில் மறுபடி முளைக்காது. ஒரு மனிதனிடம் வாழ்நாளுக்கு எடுக்கக்கூடியது சில ஆயிரம் வேர்கள் மட்டுமே. ஒரே நாளில் அள்ளி எடுத்தால் பின்தலை புழு அரித்தது போல் ஆகிவிடும், அதைத் திருத்த வழியும் குறைவு. வயது குறைந்தவர்களுக்கு இது இன்னும் கொடுமை. 23, 24 வயதில் முன்நெற்றியைத் தாழ்வாக நட்டுவிட்டால், பழைய முடி பின்வாங்கிக்கொண்டே போகும், நட்டது மட்டும் முன்னால் தனித்து நிற்கும். அப்போது நிரப்புவதற்குக் கையிருப்பு இருக்காது. "இன்னும் சில வருடம் பொறுத்துப் பார்ப்போம், முதலில் மருந்து எடுங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வைத்தியரைத்தான் நான் நல்ல வைத்தியர் என்பேன்.

மருந்தும் விளையாட்டல்ல. முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டரைட் மாத்திரையை அமெரிக்காவில் 1997இல் அனுமதித்தார்கள். நிறுத்தினால் பலனும் போய்விடும் என்பதால் தொடர்ந்து எடுக்க வேண்டும். சிலருக்கு ஆண்மை சார்ந்த பக்கவிளைவும் மனச்சோர்வும் வருகின்றன. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடக் கூடாது. புதிதாகக் கலியாணம் செய்த வீடுகளில் இதை யாராவது சொல்கிறார்களா? புரோஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனையின் அளவையும் இது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும், எனவே எடுப்பவர்கள் எந்த வைத்தியரிடம் போனாலும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ள, திரும்பத் திரும்பப் போய் உட்காரக்கூடிய தூரத்தில் ஒருவர் வேண்டும்.

என்னைக் கேட்டால் முதலில் கொழும்பிலேயே விசாரியுங்கள். இங்கேயும் செய்கிறார்கள். செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவரா என்று பார்ப்பது கடினமில்லை. அடுத்தது சென்னை. ஒன்றரை மணிநேரத்துக்குள் போய்விடலாம், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நம் சந்தேகத்தை நாமே கேட்கலாம், ஏதும் பிழைத்தால் திரும்பிப் போய்க் காட்டவும் முடியும். அங்கேயும் நல்லதும் கெட்டதும் கலந்துதான் இருக்கிறது, விசாரிக்காமல் போகக் கூடாது. இஸ்தான்புல்லில் மிகத் திறமையான வைத்தியர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறுக்கவில்லை. போகத்தான் வேண்டும் என்றால், தன் கையால் செய்வேன் என்று எழுதித் தரும் வைத்தியரிடம் போங்கள். வீட்டில் குறைந்தது ஒருவருக்காவது அந்த முதல் இரண்டு கிழமை என்ன நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். தனியாக அறை எடுத்து இருக்கும் பையன்களே, திரும்பி வந்ததும் அக்கா வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ போய்விடுங்கள். இதைத் தனியாகச் சமாளிக்க முடியாது.

கொழும்பில் இருக்கும் தோல் வைத்தியர்களிடமும் ஒரு வேண்டுகோள். வேறு ஒருவர் செய்த வேலைக்குப் பொறுப்பேற்க நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனாலும் சீழோடும் வீங்கிய முகத்தோடும் வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். வெளிநாட்டில் முடி நட்டு வந்தவர்களைப் பார்ப்பீர்கள் என்றால், எந்த நாள், எந்த நேரம் என்று இந்தப் பதிவின் கீழ் எழுதுங்கள். இது பற்றி என்னிடம் கேட்கும் வீட்டாருக்கு அந்த விவரத்தைக் கொடுத்துவிடுவேன்.