பறவை மட்டும் போதுமா?

"பறவை ரொம்பச் சின்னதா இருக்கே, சுத்தி இருக்கறதை வெட்டி, கொஞ்சம் கிராப் பண்ணியிருக்கலாமே?" வேடந்தாங்கலில் எடுத்த படத்தை யாரிடம் காட்டினாலும் இதே பேச்சுதான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அந்தப் படத்தில் ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் கடப்பமரம் முழுதாக இருக்கிறது. ஒரே மரத்தில் நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், வெள்ளை அரிவாள்மூக்கன் என்று ஆளுக்கொரு கிளையில் கூடு. கீழே எச்சம் கலந்த தண்ணீர். அதைத்தான் ஊர்க்காரர்கள் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். அந்த உரத்துக்காகவும்தான் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். இதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு நாரையின் தலையை மட்டும் வைத்தால், அது வேடந்தாங்கலா மிருகக்காட்சி சாலையா என்று எப்படித் தெரியும்?

நெருக்கமான படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நத்தைக்குத்தி அலகை மூடியிருக்கும்போதும் நடுவில் தெரியும் இடைவெளியைக் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். சரி, அதற்கு அது. ஆனால் தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும் 600 எம்எம் லென்ஸ், மங்கலாகக் குழைந்துபோன பச்சைப் பின்னணி, பறவையின் கண்ணில் ஒரு ஒளிப்புள்ளி, இவை இருந்தால்தான் நல்ல படம் என்று யார் விதி போட்டது? போட்டிகளிலும் இதே கதைதான். குறுக்கே ஒரு குச்சி வந்தால் மதிப்பெண் போச்சு.

அப்புறம், அந்தக் குச்சி மறைக்கிறது என்று கூட்டருகே போய்க் கிளையை ஒடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தாய்ப்பறவை எழுந்து போனால் குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காகம் தூக்கும். அப்படி எடுத்த படத்துக்கும் கைதட்டுகிறார்களே, அவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.